கப்பலேறும் முன் ஒரு ஹேர்னியா ஒப்பரேஷன்

கப்பல் வேலைக்குப் போக மெடிக்கல் செய்தேன். கண், காது, இரத்தம், நெஞ்சுப் படம் எல்லாம் சரியாகவே வந்தது. கடைசியில் கப்பல் மெடிக்கல் பார்த்த டொக்டர் என்னை நிற்க வைத்து, கவட்டுப் பக்கம் விரலை வைத்து "இருமுங்க" என்றார். உள்ளிருந்து ஏதோ வந்து விரலில் முட்டியது. "ஹேர்னியா, குடலிறக்கம். ஒப்பரேஷன் செஞ்சிட்டு வாங்க, சைன் வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டார்.

கொழுந்துச் சாக்கை லொறியில் ஏற்றிப் பழகிய எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை. பாரம் தூக்கினால் தலைகாட்டும், படுத்தால் உள்ளே போய்விடும் வீக்கம். இதை வைத்துக்கொண்டே காலம் தள்ளும் பெரியவர்கள் லயத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். அம்மாவும், "கத்தி வைக்காம எண்ணெய் பூசிப் பாப்பமே ராசா" என்றார்.

ஆனால் டொக்டர் சொன்ன காரணம் நியாயமானது. வெளியே வந்த குடல் திரும்ப உள்ளே போகாமல் இறுகிக்கொண்டால் அதற்கு இரத்த ஓட்டம் நின்றுவிடும். கடுமையான வலியும் வாந்தியும் வரும், சில மணி நேரத்துக்குள் ஒப்பரேஷன் செய்தாக வேண்டும். ஹட்டனில் இருக்கும்போது அப்படி வந்தால் த்ரீவீல் பிடித்து டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். சரக்குக் கப்பலிலோ மொத்தம் இருபது, இருபத்தைந்து பேர்தான். 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் சமவாயப்படி, 100 பேர் அல்லது அதற்கு மேல் ஏற்றிக்கொண்டு 3 நாளுக்கு மேல் வெளிநாட்டுப் பயணம் போகும் கப்பலில்தான் டொக்டர் கட்டாயம். மற்றக் கப்பல்களில் மருந்துப் பெட்டி ஒரு ஒஃபிசரின் பொறுப்பு. அவர் கரையிலுள்ள டொக்டரிடம் ரேடியோவிலோ செட்டிலைட் போனிலோ கேட்டு மருந்து கொடுப்பார். ரோமில் 1935இல் தொடங்கிய ஒரு நிலையம் எந்த நாட்டுக் கப்பலுக்கும் இலவசமாக இப்படி ஆலோசனை சொல்கிறது. பெரிய உதவிதான். ஆனால் வயிற்றைத் திறக்க வேண்டிய நோய்க்கு ஆலோசனை மட்டும் போதாது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளினிக் கொப்பி போட்டேன். செலவில்லை, ஆனால் திகதிக்குக் காத்திருக்க வேண்டும். என் திகதி வந்த நேரம் தென்மேல் பருவ மழை. எங்கள் பக்கம் நாள்கணக்கில் வெயிலே இல்லை, எனக்கு இருமல். இருமலோடு செய்தால் தையலுக்கு இழுவை என்று மயக்க மருந்து டொக்டர் தள்ளிப்போட்டார். அதற்குள் எனக்கு வைத்திருந்த கப்பலில் முகவர் வேறு ஆளை ஏற்றிவிட்டார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. மலையகப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, சீடிசிக்கும் (கப்பல் ஆட்களுக்கான பதிவுப் புத்தகம்) ட்ரெயினிங்குக்கும் அலையத் தொடங்கும்போதே உடம்பையும் காட்டிவிடுங்கள்.

ஒப்புதல் படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழ் தெரிந்த நேர்ஸ் மிஸ் ஒருவரிடம் கேட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரிவரியாகச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வைத்தேன். கேட்பதற்கு யாரும் கூச்சப்பட வேண்டாம். தியேட்டருக்குப் போகும் முன் சத்திரசிகிச்சை டொக்டர் வந்து எந்தப் பக்கம் என்று என் வாயாலேயே சொல்லவைத்து, வலது பக்கம் பேனையால் அம்புக்குறி போட்டார்.

உள்ளே, தலையணையைக் கட்டிப்பிடித்து முதுகை வளைத்து உட்காரச் சொன்னார்கள். முதுகில் ஊசி. கொஞ்சத்தில் கால்கள் சூடாகி, அப்புறம் பாரமாகி, யாருடைய கால்களோ போல ஆகிவிட்டன. வலி இல்லை, வயிற்றுக்குக் கீழே யாரோ துணியை இழுத்து மடிப்பது போன்ற உணர்வு மட்டும். பலவீனமான இடத்தில் ஒரு வலையை வைத்துத் தைத்தார்கள். ஊசியின் மரப்பு விட்ட பிறகு சிறுநீர் போகிறதா என்று பார்த்து, அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

கஷ்டம் வீட்டில்தான். ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்குச் செங்குத்தான கல் படி. ஒவ்வொன்றாக இறங்கினேன். இருமல் வந்தால் தலையணையைக் காயத்தில் அழுத்திக்கொள்வேன். மலம் இறுகினால் முக்க வேண்டி வரும் என்று அம்மா தினமும் பப்பாசி வெட்டித் தந்தார். தண்ணீர் கேன் பக்கமே போகவிடவில்லை. ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாது என்பது கட்டளை.

கிளினிக்குக்குத் திரும்பப் போனபோது, "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்காமல் என்ன வேலை என்று விளக்கிச் சொன்னேன். கப்பலைத் துறைமுகத்தில் கட்டும் மூரிங் கயிறு இழுக்க வேண்டும், நகரும் படகிலிருந்து கயிற்று ஏணியில் கப்பலுக்கு ஏற வேண்டும், அந்த ஏணி 9 மீற்றர் வரைக்கும் இருக்கலாம் என்றேன். டொக்டர் மறுபடி அழுத்திப் பார்த்து, இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லி, பிறகுதான் கடிதம் தந்தார். அந்தக் கடிதமும், ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் காட்டும் (நோய் விபர அட்டை) இருந்ததால் மெடிக்கல் சான்றிதழ் தடையில்லாமல் கிடைத்தது. அது 2 வருடத்துக்குச் செல்லும். அந்த அட்டையின் போட்டோ கொப்பியைப் பாஸ்போட்டோடு வைத்திருங்கள், கப்பலில் ஏதாவது வந்தால் கரை டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

காலியிலிருந்து லோஞ்சில் போய் ஏணி ஏறினேன். காயம் இருந்த இடத்தில் இலேசாக இழுத்தது, அவ்வளவுதான். ஏறிய அன்றே டெக் ஆட்களை மேய்க்கும் போசனிடம் ஒப்பரேஷன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். முதல் துறைமுகங்களில் அவர் என்னைக் கயிறு இழுக்க விடாமல் கயிறு சுற்றும் வின்ச் இயந்திரத்தின் லீவரில் நிறுத்தினார்.