அத்தை ஓட்டுக்கு மாமா கொடுத்த ரெண்டு ரூபாய்

ஓட்டுக்குத் துட்டு கொடுத்தவர்கள் கணக்கில் இனி நம்ம மாமாவையும் சேர்த்துவிட வேண்டியதுதான். கொடுத்தது ரெண்டே ரூபாய். அதுவும் கட்டின பெண்டாட்டியின் ஓட்டைத் தடுப்பதற்கு.

மாமா ஒரு கட்சியின் பூத் ஏஜென்ட், ஓட்டுச்சாவடியில் அந்தக் கட்சி சார்பில் உட்காருகிறவர். தேர்தல் தேதி அறிவித்த அன்றே அவர் சட்டைப்பையில் ரெண்டு ரூபாய் நாணயங்கள் மூணு நாலு சேர்ந்துவிடும் என்பது தெருவுக்கே தெரிந்த சங்கதி. ஓட்டுப் போட வந்தவர் அந்த ஆள்தானா என்று பூத் ஏஜென்டுக்குச் சந்தேகம் வந்தால் ‘சேலஞ்ச்’ பண்ணலாம். 1961-ஆம் வருட தேர்தல் நடத்தை விதிகளில் 49-ஜே. ஒரு சேலஞ்சுக்கு ரெண்டு ரூபாய், ரொக்கமாக, முதலிலேயே கட்டிவிட வேண்டும். விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இது மட்டும் அங்கேயே நிற்கிறது. ஜி-பே எல்லாம் நடக்காது, போனே உள்ளே கூடாதே. இத்தனை தேர்தலிலும் மாமாவுக்கு ஒரு சேலஞ்ச்கூட அமையவில்லை. அந்தக் குறை அவருக்கு உண்டு.

இந்தத் தடவையும் ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்தாயிற்று. ஏழு மணிக்கு ஓட்டு என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால், ஐந்தரைக்கு மாதிரி வாக்குப்பதிவு. குறைந்தது ஐம்பது ஓட்டு போட்டுக் காட்ட வேண்டும், நோட்டாவையும் விடாமல். பிறகு மிஷினில் குளோஸ், ரிசல்ட், கிளியர் என்று மூணு பட்டன். அந்தக் கடைசி கிளியரை யாராவது தூக்கக் கலக்கத்தில் விட்டுத் தொலைத்தால், சாயங்காலம் பதிவேட்டில் உள்ளதைவிட மிஷினில் ஐம்பது ஓட்டு கூடுதலாக நின்று பல்லிளிக்கும். அதனால் மாமா திரையில் பூஜ்யம் விழுகிறவரை கண்ணைச் சிமிட்டமாட்டார். போட்ட ஓட்டை அச்சடித்துக் காட்டும் விவிபேட்டில் விழுந்த துண்டுச் சீட்டுகளின் முதுகில் முத்திரை குத்தி, கறுப்பு உறையில் போட்டு, மூடி சீல் வைக்கிறவரை அங்கேயே நிற்பார். பொண்ணு கல்யாணத்தில் தாலி கட்டும்போது சமையல்கட்டில் அப்பளம் எண்ணிக்கொண்டு இருந்த அதே மனுஷர்.

ஏழரை மணிக்கு முதல் வம்பு. அண்ணாச்சி எதிர்க்கட்சி ஏஜென்ட். முப்பது வருஷமாகத் தினம் காலையில் அத்தை கையால் காப்பி குடிக்கிறவர். அவர் பேனாவில் கட்சிச் சின்னம் இருப்பதை மாமா கண்டுபிடித்துவிட்டார். “நூறு மீட்டருக்குள்ள சின்னம் ஆகாது சார்.” தலைமை அலுவலர் பேனாவை வாங்கி, காகிதத்தில் சுற்றி, மேஜை இழுப்பறைக்குள் போட்டார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஆள் பேசாமல் இருந்தால்தான் பயப்படணும்.

ஒன்பது மணிக்கு அத்தை வந்தாள். கையில் பூத் சிலிப்பும் ரேஷன் ஸ்மார்ட் கார்டும். பட்டியலில் பேர் பார்க்கிற முதல் அலுவலர், பி-ஒன் டீச்சர், கார்டைத் திருப்பிப் பார்ப்பதற்குள் மாமா எழுந்துவிட்டார். “மேடம், ரேஷன் கார்டு லிஸ்ட்லயே கிடையாது.” உண்மைதான். ஆதார், பான், பாஸ்போர்ட், லைசென்ஸ், போட்டோ ஒட்டின பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை என்று கமிஷன் அனுமதித்த பட்டியலில் பன்னிரண்டு இருக்கின்றன, ரேஷன் கார்டு இல்லை. பூத் சிலிப்பையும் தனியாகக் காட்டி ஓட்டுப் போட முடியாது. நம்ம ஊரில் பாதிப் பேர் இந்த ரெண்டையும்தான் பத்திரமாக எடுத்துக்கொண்டு வருவார்கள்.

“ஆதார் பீரோவுல இருக்கு. பீரோச் சாவி ஒங்க இடுப்புல இருக்கு” என்றாள் அத்தை.

வரிசையே சிரித்தது. மாமா வாக்காளருக்கு ஒரு பொருளைக் கொடுக்கலாமா என்று தலைமை அலுவலரிடம் அனுமதி கேட்டுவிட்டுத்தான் சாவியை நீட்டினார்.

பதினொன்றரைக்குத் திரும்பி வந்தாள், ஆதாரோடு. பி-ஒன் வரிசை எண்ணையும் பேரையும் சத்தமாக வாசித்தார். ஏஜென்டுகள் பட்டியலைப் புரட்டினார்கள். அண்ணாச்சி முகம் மலர்ந்தது பாருங்கள்! பட்டியலில் அத்தை பேருக்கு நேரே அடுத்த வீட்டு அக்காவின் போட்டோ. அக்கா பேருக்கு நேரே அத்தை. எங்கேயோ அச்சில் ரெண்டும் இடம் மாறிவிட்டன.

“சேலஞ்ச்” என்றார் அண்ணாச்சி.

சட்டைப்பையைத் தடவினார், ஐந்நூறு ரூபாய்த் தாள். தலைமை அலுவலரிடம் சில்லறை இல்லை. டெபாசிட் இல்லாமல் சேலஞ்ச் செல்லாது, விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். அப்போதுதான் மாமா தன் பையிலிருந்து ரெண்டு ரூபாயை எடுத்து மேஜையில் வைத்தார். “யார் பையில இருந்து வரணும்னு விதியில இல்ல சார்.”

அத்தை பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

ரசீது போட்டார்கள். ஆள்மாறாட்டம் செய்தால் தண்டனை உண்டு என்று அத்தையை எச்சரித்தார்கள். பட்டியலில் உள்ள விவரத்தை வாசித்து, அது நீங்கள்தானா என்று கேட்டு, படிவம் 14-இல் பேர், முகவரி எழுதி, கையெழுத்து வாங்கினார்கள். அடுத்து விசாரணை. ஆதாரம் காட்ட வேண்டியது முதலில் சேலஞ்ச் பண்ணினவர்தான்.

“முப்பது வருஷமா இந்தம்மா கையால காப்பி குடிக்கேன் சார். இந்த போட்டோ இவங்க இல்ல.”

“அப்போ இவங்கதான் அவங்கன்னு உங்களுக்கே தெரியுமே?” என்றார் தலைமை அலுவலர்.

அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். சேலஞ்ச் தள்ளுபடி. ஆனால் வேடிக்கை அதற்குப் பிறகுதான். விளையாட்டுத்தனமான சேலஞ்ச் என்று தலைமை அலுவலர் நினைத்தால் ரெண்டு ரூபாய் அரசாங்கத்துக்குப் போய்விடும். நல்லெண்ணத்தோடு செய்தது என்றால் திரும்பக் கிடைக்கும். மாமா துள்ளி எழுந்து, போட்டோ மாறியிருப்பது நிஜம்தானே, சந்தேகம் நியாயம்தானே என்று அண்ணாச்சிக்காக வாதாட ஆரம்பித்துவிட்டார். சொந்தப் பெண்டாட்டியைச் சந்தேகப்பட்டது சரி என்று நிரூபிக்க ஒரு மனுஷர் இவ்வளவு பாடுபட்டு யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். ஜெயித்தும்விட்டார். நாணயத்தை யாரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும்? சேலஞ்ச் பண்ணினவரிடம். அண்ணாச்சி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் மை. அடுப்படியிலிருந்து நேராக வந்த விரல், எண்ணெய்ப் பிசுக்கு. எண்ணெய் இருந்தால் மை பிடிக்காது, துணியால் துடைத்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். இடது ஆள்காட்டி விரலில், நக நுனியில் தொடங்கி முதல் கணுவுக்கு அடி வரைக்கும் ஒரு கோடு. மாமா அதைச் சொல்ல வாயெடுத்தார். அத்தை திரும்பினாள். மாமா குனிந்து வாக்காளர் பட்டியலைப் படித்தார். மை வைக்கிற இரண்டாம் அலுவலர், பி-டூ பையன் பாவம், யாரும் சொல்லாமலே துடைத்துவிட்டான்.

ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்களுக்கு டோக்கன், வாலிலிருந்து தலைக்கு. முன்னாலிருந்து கொடுத்தால் கொடுத்து முடிப்பதற்குள் பின்னால் பத்துப் பேர் சேர்ந்துவிடுவார்கள். பதிவான ஓட்டுக் கணக்கு எழுதின படிவம் 17-சி நகலை வாங்கி மடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தபோது மணி எட்டு. மறுநாள் காலையில் அண்ணாச்சி வழக்கம்போல் காப்பிக்கு வந்தார். நாணயத்தைக் கொண்டுவந்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதைப் பிள்ளையார் உண்டியலில் போட்டுவிட்டாள்.

போட்டோவைத் திருத்தப் படிவம் 8 கொடுக்க வேண்டும். அத்தை, “அடுத்த வீட்டுக்காரி போட்டோவுல நல்லாத்தான் இருக்கா, அப்படியே இருக்கட்டும்” என்று விட்டுவிட்டாள். மாமாவே உட்கார்ந்து எழுதினார். போட்டோ சமீபத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும், கலரில், வெள்ளைப் பின்னணியில், 4.5-க்கு 3.5 செ.மீ. இதெல்லாம் அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வாக்காளர் பட்டியலைக் கவனிக்கிற பி.எல்.ஓ. அம்மா நேற்று வந்து படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். “சார், உங்களுக்கா ரூல் தெரியாது?” ஒட்டியிருந்தது கறுப்பு வெள்ளை. கல்யாணமான புதிதில் ஸ்டூடியோவில் எடுத்தது, அத்தை ரெட்டைச் சடையில். கத்தரித்த ஓரத்தில் மாமாவின் தோள்பட்டை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

காலையிலிருந்து கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருக்கிறார். தோளை மட்டும் வெட்டிவிட்டு இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கலாமாம்.