பி0420

எங்கள் வாகனத்தில் எஞ்சின் லைட் எரிந்துகொண்டிருந்தது. மாங்குளத்துக் கராச்சில் ஸ்கேனரைக் கொழுவியதும் பி0420 என்று வந்தது. புகையைச் சுத்தப்படுத்தும் கன்வேர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான குறியீடு அது.

"கன்வேர்ட்டர் போச்சு அண்ணை, வெட்டியெடுத்துப்போட்டுப் பைப் ஒட்டுவமா?" என்றான் அங்கு நின்ற பொடியன்.

மெக்கானிக் அண்ணை பதில் சொல்லவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் சூடான பிறகு கன்வேர்ட்டருக்கு முன்னுள்ள ஒக்சிசன் சென்சரின் வோல்ட் ஏறி இறங்கலாம், அதற்குப் பின்னுள்ளது 0.6, 0.7 அளவில் அசையாமல் நிற்க வேண்டும். எங்களுடையதில் இரண்டும் காவடி ஆடின.

அப்போதும் அவர் தீர்ப்புச் சொல்லவில்லை. புகைக்குழாய் மூட்டில் கசிவிருந்தாலும் இப்படிக் காட்டுமாம். பார்த்தார், கசிவு இல்லை.

அப்புறம் பிளக்குகளைக் கழற்றினார். ஒன்று மட்டும் கரி பிடித்து, பெற்றோல் ஈரத்தோடு வந்தது. அந்தப் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் கொயில் பழுது. எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் எரிந்தால் உள்ளிருக்கும் பீங்கான் உருகிவிடும். கொயிலை விட்டுவிட்டுப் புதுக் கன்வேர்ட்டரை மாட்டியிருந்தால் அதுவும் உருகியிருக்கும். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் எல்லாம் உள்ள சாமான், விலையைக் கேட்கவே பயம்.

ஏ9 வீதி நெடுக "லைட்டை அழிச்சு விடுறன்" என்று சொல்ல ஆளுண்டு. அழித்தால் அணையும்தான். கொஞ்சம் ஓடியதும் திரும்ப எரியும். காரணம் தேடுகிறவர்கள்தான் குறைவு, கராச்சில் மட்டுமல்ல.

முதலில் கொயில். கன்வேர்ட்டருக்கு அடுத்த மாதச் சம்பளம் வரட்டும்.