சூரிச்சின் இரண்டு குத்தும் பாமினியின் அரைப்புள்ளியும்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் உறுப்பினர் பட்டியல் எக்செலில் இருந்தது. அதை மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் ஏற்றித் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டபோது ஒரு பின்னேர வேலை என்றுதான் நினைத்தேன். ஒன்றரைக் கிழமை பிடித்தது.

பட்டியலில் பாதிக்கு மேல் வெளிநாட்டில் இருப்பவர்கள். பெயர் தமிழில், விலாசம் அந்தந்த நாட்டு எழுத்தில். பாரிசுக்குப் பக்கத்து எவ்ரி, தலையில் சாய்கோடு போட்ட 'ஈ'யில் தொடங்கும். சூரிச்சின் 'யூ'வுக்கு மேல் இரண்டு புள்ளி. நோர்வேயின் த்ரொம்சோவில் 'ஓ'வை ஊடறுத்து ஒரு கோடு. சூரிச்சில் இருக்கும் மாமா வாட்ஸ்அப்பில் எடுத்து, "தம்பி, அந்த ரண்டு குத்தையும் விட்டிடாதை. விட்டால் யூவுக்குப் பின்னாலை ஒரு ஈயும் போடவேணும், இல்லாட்டி அது வேறை சொல்லு" என்றார்.

முதல் நாள், வழக்கமான சிஎஸ்வியாக, அதாவது பத்திகளைக் கமாவால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்துத் திறந்தேன். மாமாவின் குத்து இரண்டும் பத்திரமாக இருந்தன. தமிழ்ப் பெயர்கள்தான் ஒன்றுகூட இல்லை, கண்ணில் பட்டதெல்லாம் கேள்விக்குறி. எழுத்துருப் பிழையாக்கும் என்று ஒரு மணித்தியாலம் லதா எழுத்துருவையும் மற்றதையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். பிறகுதான் கந்தசாமி என்ற பெயருக்கு எட்டுக் கேள்விக்குறி இருப்பதைக் கவனித்தேன். புள்ளிக்கும் காலுக்கும்கூடத் தனித்தனியாக ஒவ்வொன்று. என் கணினியில் அந்தச் சேமிப்பு முறை விண்டோஸ்-1252 என்ற குறியேற்றத்தில், அதாவது எழுத்துக்கு எண் கொடுக்கும் ஒரு முறையில், எழுதுகிறது. அதில் மொத்தம் 256 இடங்கள்தான். மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கெல்லாம் அதில் கதிரை உண்டு, தமிழுக்கு இல்லை. இடமில்லாததை அது கேள்விக்குறியாக்கி எழுதிவிடும், திருப்பி எடுக்க ஏலாது. மூல எக்செல் கோப்பை அழிக்காமல் வைத்திருந்தது என் கெட்டித்தனம் அல்ல, சோம்பல்.

அடுத்து, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யூடிஎஃப்-8 குறியேற்றத்தில், 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்து ஏற்றினேன். இந்த முறை எல்லாமே குழம்பியது. சூரிச்சின் 'யூ' இருந்த இடத்தில், அலைக்கோடு போட்ட பெரிய 'ஏ'யும் கால் என்ற பின்னக் குறியும். தமிழ்ப் பெயர் முழுக்க வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட வணிகக் குறிகள். பார்க்கக் கேள்விக்குறியைவிடப் பயங்கரம், ஆனால் இதுதான் நல்ல செய்தி. யூடிஎஃப்-8இல் அந்த 'யூ'வுக்கு 2 பைட், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். கோப்பில் எல்லாம் சரியாகவே இருந்தன. வாங்கிய தரவுத்தளம்தான் ஒவ்வொரு பைட்டையும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்திருக்கிறது. எங்கள் வழங்கியில் இருந்தது மைஎஸ்கியூஎல்லின் பழைய 5.7 பதிப்பு. அதன் இயல்புநிலைக் குறியேற்றம் எழுத்துக்கு ஒரு பைட் என்று கணக்குப் பார்க்கும் லத்தீன்-1, எட்டாம் பதிப்பில்தான் யூடிஎஃப்8எம்பி4 (முழு யூடிஎஃப்-8க்கு மைஎஸ்கியூஎல் வைத்த பெயர்) ஆனது. அட்டவணையையும் இணைப்பையும் ஏற்றும் கட்டளையையும், மூன்றையுமே, யூடிஎஃப்8எம்பி4 என்று சொல்லிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒன்றை விட்டாலும் பழைய கதைதான். பின்பு கந்தசாமியை அளந்து பார்த்தேன்: 8 குறி, 24 பைட். சரி.

இதோடு முடிந்தது என்று தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் சில வரிகளில் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தனியாக ஓர் இரட்டை மேற்கோள் குறி, பெயர் பக்கத்து விலாசப் பத்தியில். இன்னும் சில வரிகளில் யாழ்ப்பாணம் என்பது ஏ, எச், ஓ, அரைப்புள்ளி, ஜீ, அரைப்புள்ளி என்று போகிறது. அட, பாமினி! ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டும் பழைய எழுத்துரு. பழைய செயலாளர் காலத்து வரிகள். எக்செலில் அந்த எழுத்துருவின் உடுப்போடு பார்த்தபோது நல்ல தமிழாகத்தான் தெரிந்தன. உள்ளே இருந்ததெல்லாம் ஆங்கில விசைகள். பாமினியில் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, 'இ'க்குக் கமா விசை. கமாவால் பிரித்த கோப்பில் இராசையாவும் இரத்தினமும் தலையிலேயே வெட்டுப்பட்டார்கள். எக்செல் அந்தப் பெயர்களை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத்தான் தந்திருந்தது. மேற்கோளை மதிக்கவேண்டும் என்று ஏற்றும் கட்டளையில் நான்தான் சொல்லவில்லை.

பாமினியை உண்மையான தமிழ் எழுத்தாக்கும் மாற்றியில் முழுப் பட்டியலையும் கொட்டினேன். பாரிஸ் 'யசளை' ஆனது, முன்னால் ஒட்ட இடமில்லாத ஒரு சுழியுடன். மாமாவின் ஊர் என்ன ஆனது என்று பார்க்கவே மனம் வரவில்லை. பிறகு எக்செலின் தேடலிலேயே எழுத்துருவைக் கொடுத்துத் தேடலாம் என்று கண்டுபிடித்து, பாமினிக் கட்டங்களை மட்டும் பொறுக்கி மாற்றினேன். 140 பெயர். ஒவ்வொன்றையும் பழைய ரசீதுப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பொருளாளர் அண்ணை வாசிக்க, நான் திருத்தினேன். இரண்டு பின்னேரம் அதற்கே போயிற்று, நடுவில் ஒருதரம் மின்சாரமும் போனது.

மாமாவுக்குப் புதிய பட்டியலிலிருந்து எடுத்த ரசீதை அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்திருப்பார் போல, பத்து நிமிடம் கழித்து, "குத்து இருக்கு. என்ர பேரிலை ஒரு கால் விடுபட்டுப் போச்சு" என்று பதில் வந்தது. அது நாங்கள் கையால் திருத்திய வரி.