சாராயத்துக்குப் போகும் எதனோல்

2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பட்டு, மலையக நகரான பண்டாரவளையின் எரிபொருள் நிலையத்திலிருந்து வரிசை வளைந்து நீண்டிருந்த நாட்களில், எங்கள் தோட்டத்து ஓட்டோக்காரத் தம்பிமார் என்னிடம் கேட்டது ஒன்றைத்தான்: "நீங்க வடிக்கிற ஸ்பிரிட்ட ஊத்தி ஓட்ட முடியாதாண்ணே?" ஊவா மலையடிவாரத்தில், சீனி ஆலையோடு சேர்ந்த ஒரு வடிசாலையின் ஆய்வுகூடத்தில் நீண்ட காலம் வேலை செய்தவன் என்பதால், என்னால் அதைச் சிரித்துத் தள்ள முடியவில்லை.

சீனி எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைத் தண்ணீர்விட்டு இளக்கி, ஈஸ்ட் சேர்த்து நொதிக்கவைத்து, வடித்தெடுக்கும் ஸ்பிரிட்டான எதனோலின் செறிவை அளப்பதே என் வேலை. சாதாரண வடிப்பில் அது நிறையளவில் 95.6 வீதத்தைத் தாண்டாது. அந்த அளவில் தண்ணீரும் எதனோலும் ஒரே விகிதத்தில் ஆவியாவதால், வடிக்கும் கோபுரத்தை எவ்வளவு உயர்த்தினாலும் பயனில்லை. சாராயத்துக்கு அது தாராளம். பெற்றோலில் கலப்பதற்கோ அந்தச் சொற்பத் தண்ணீர்தான் வினை: ஈரம் அளவு மீறினால் அது எதனோலையும் இழுத்துக்கொண்டு தாங்கியின் அடியில் தனிப்படையாக இறங்கிவிடும். ஆகவே எரிபொருள் ஆலைகள், தண்ணீர் மூலக்கூறு மட்டும் நுழையக்கூடிய நுண்துளைகள் கொண்ட சியோலைட் என்னும் கனிம மணிகளினூடாக ஆவியைச் செலுத்தி, 99.5 வீதத்துக்கு மேல் உலர்த்துகின்றன. எங்களிடம் அந்தப் பிரிவு இருக்கவில்லை. சாராயத்துக்குச் சரக்குக் கொடுக்கும் ஆலைக்கு அது தேவைப்படவுமில்லை.

கலக்காமல் தனி எதனோலில் ஓட்டுவதென்றால் தண்ணீர் அவ்வளவு தடையல்ல. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் எதனோல் திட்டத்தைத் தொடங்கிய பிரேசில், 1979இல் ஃபியட் 147 காரை அப்படித்தான் வீதியில் இறக்கியது. ஆனால் பெற்றோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் எதனோலில் இருப்பதால், கார்புரேட்டரில் எரிபொருள் வரும் துளையைப் பெரிதாக்க வேண்டும். லீற்றருக்கு ஓடும் தூரமும் குறையும். குளிரில் அது எளிதில் ஆவியாகாது என்பதால், அக்கார்களில் கிளப்புவதற்கென்றே சிறு பெற்றோல் தாங்கி ஒன்று இருந்தது. தை மாதக் காலையில் நுவரெலியாவில் ஓட்டோ கிளப்புகிறவருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இயந்திரத்தைவிடப் பெரிய சிக்கல் விலை என்பது என் எண்ணம். 1980களின் இறுதியில் கரும்பைச் சீனியாக்கி விற்பதே அதிக இலாபமானபோது, பிரேசிலிலேயே எதனோலுக்குத் தட்டுப்பாடு வந்து, மக்கள் அந்தக் கார்களைக் கைவிட்டார்கள். எந்தக் கலவையிலும் ஓடும் கார்கள் 2003இல் வந்த பின்னரே நம்பிக்கை திரும்பியது. இந்தியாவில் அரசு, மூலப்பொருளுக்கேற்ப விலை குறித்து எண்ணெய் நிறுவனங்களை வாங்கவைத்ததால், 2022இல் பெற்றோலில் எதனோல் கலப்பு 10 வீதத்தை எட்டியது. இங்கே இலங்கையில் 2020இல் எதனோல் இறக்குமதி தடைசெய்யப்பட்டதும் உள்ளூர் எதனோலுக்கு மதுபானச் சந்தையே உறுதியாயிற்று. அந்தச் சந்தையில் கிடைக்கும் விலையைப் பெற்றோலோடு போட்டிபோட வைக்க எவராலும் இயலாது.

கழிவையும் மறக்கக்கூடாது. ஒரு லீற்றர் எதனோலுக்குப் 10 முதல் 15 லீற்றர்வரை கரும் பழுப்பு நிறக் கழிவுநீர் வரும். பொட்டாசியம் நிறைந்த அதைப் பக்குவமாக வயலுக்கு விட்டால் உரம். ஓடைக்கு விட்டால் மீன் மிதக்கும்.

காடேறிக் கிடக்கும் தேயிலை மலைகளில் கரும்பு போடலாமே என்றும் தம்பிமார் கேட்டார்கள். கரும்பு வெப்பம் கேட்கிற பயிர். எங்கள் குளிரில் அது வளரவும் முதிரவும் இழுத்தடிக்கும், சரிவில் வெட்டி இறக்கும் கூலியும் கூடும். மொனராகலைச் சமவெளியிலேயே அதற்கு இடம் இருக்கிறது, ஆனால் அங்கே விளைவது நாட்டின் சீனித் தேவைக்கே காணாது.