நதிக்கு ஏழு, வரைபடத்துக்கு நான்கு

புரோக்ரசிவ் ராக் (நீண்ட, சிக்கலான ராக் இசை) ஆல்பம் ஒன்றின் முதல் பக்கத்தை வீட்டிலேயே தனியாளாகச் செய்துகொண்டிருக்கிறேன். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 நிமிடம் கொள்ளும். 1972-ல் யெஸ் குழு 'குளோஸ் டு தி எட்ஜ்' என்ற ஒரே பாட்டால் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. அந்த நீளத்தையே நானும் எல்லையாக வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் இந்த வகை இசைக்கு முடிவே கிடையாது.

கதை சின்னது. நதியை அளந்து வரைபடம் போடுகிறவர் ஒருவர். அவர் வரைந்து முடிக்கும்போதெல்லாம் நதி கொஞ்சம் தடம் மாறியிருக்கும். அவ்வளவுதான்.

முதலில் கதைசொல்லியின் குரலைச் சேர்த்துப் பார்த்தேன். கீபோர்டுக் கலைஞர் ரிக் வேக்மன் 1974-ல் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா, பாடகர் குழு, கதைசொல்லி எல்லாரையும் ஒரே மேடையில் வைத்து ஜூல் வெர்ன் கதையை இசையாக்கினார். அங்கே அது நிற்கிறது. என்னுடையதில் குரல் வரும்போதெல்லாம் இசை ஒதுங்கி வழிவிட வேண்டியிருந்தது. கதை தெரிந்தபின் திரும்பக் கேட்டால் அந்தப் பேச்சு வெறும் இடைஞ்சல். எடுத்துவிட்டேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1830-லேயே தன் 'சிம்ஃபனி ஃபான்டாஸ்டிக்'கில் ஒரே மெட்டை ஐந்து பகுதிகளிலும் உருமாற்றி உலவவிட்டார். கதையைச் சுமக்க மெட்டே போதும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஆக, இரண்டு மெட்டுகள். நதிக்கு 7/8, வரைபடக்காரருக்கு 4/4. அதாவது நதியின் ஒரு பாரில் (தாள வட்டத்தில்) ஏழு குவேவர், வரைபடத்தின் பாரில் நான்கு கிராட்செட்; ஒரு கிராட்செட் இரண்டு குவேவருக்குச் சமம். ஏழை நான் 'தகதிமி தகிட' என்றுதான் எண்ணுகிறேன். ஒன்று இரண்டு மூன்று என்று போனால் கை தடுமாறுகிறது. நதி டி-யில் தொடங்கும் டோரியன் சுர வரிசையில், வரைபடம் சி-யில் தொடங்கும் மேஜர் சுர வரிசையில். இரண்டிலும் இருப்பது ஒரே ஏழு சுரங்கள் என்பதால், ஒன்றன்மேல் ஒன்றை வைத்தாலும் உறுத்தாது.

இனிமேல்தான் சுவாரசியம். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டால் 56 குவேவருக்கு ஒருமுறை முதல் அடியில் சந்திக்கின்றன: நதிக்கு எட்டு பார், வரைபடத்துக்கு ஏழு. கிராட்செட் வேகம் நிமிடத்துக்கு 120 என்றால் சரியாக 14 விநாடி. அதாவது 14 விநாடிக்கு ஒருமுறை, ஒரே ஓர் அடிக்கு மட்டும், வரைபடம் நதியோடு பொருந்துகிறது. அடுத்த அடியிலேயே விலகத் தொடங்கிவிடுகிறது. கதை முழுக்க இந்தக் கணக்கிலேயே இருக்கிறது, வரிகளே எழுத வேண்டாம் போலிருந்தது. அந்தச் சந்திப்பில் சிம்பலை அடிக்கலாமா என்று ஆசை வந்தது. அடித்தேன், மலிவாக இருந்தது. இப்போது அந்த அடியில் தாழ்சுர பேஸ் மட்டும் நதியின் டி சுரத்தில் இறங்குகிறது. கவனிக்கிறவர் கவனிக்கட்டும்.

வயலின் கூட்டத்துக்கு மெலோட்ரான் என்ற பழைய கீபோர்டின் ஒலி. அசல் கருவியில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு டேப் துண்டு உண்டு. கட்டையை அமுக்கினால் டேப் ஓடும், சுமார் 8 விநாடியில் தீர்ந்துபோகும், கையை எடுத்தால் ஸ்பிரிங் இழுத்து ஆரம்பத்துக்குக் கொண்டுவரும். என் மென்பொருளில் ஒலியை முடிவில்லாமல் நீட்டிக்கவும் வழி இருக்கிறது, ஆனால் அதை அணைத்துவிட்டேன். 4/4-ல் நாலு பார் என்றால் 8 விநாடி. ஆக ஏழு பாரும் நாலு, மூன்று என்று தானாகப் பிரிந்து, நடுவில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) மாறியே ஆக வேண்டியதாயிற்று. நான் யோசித்து வைத்திருந்த கார்டு வரிசையைவிட இது மேல். வயலின்களும் மூச்சு வாங்குகிற மாதிரி கேட்கின்றன.

ஹேமண்ட் ஆர்கன் நதியின் பக்கம். அதன் ஒலியைச் சுழற்றி அனுப்பும் லெஸ்லி ஸ்பீக்கர் மெதுவாகச் சுழன்றால் சாதாரண ஓட்டம், வேகமெடுத்தால் வெள்ளம். கிதாரையும் அதே சுர உயரத்தில் வாசித்தபோது மூன்றும் குழம்பிச் சேறானது. ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) அறுத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஆர்கன் பேசும்போது கிதார் சும்மா இருக்கும்படி எழுதிவிட்டேன். டிரம்ஸ் பற்றிச் சொல்ல அதிகமில்லை. புரோகிராம் செய்ததுதான், கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது.

இப்போதைக்கு 17 நிமிடம் நிற்கிறது. மிச்சம் கடைசிப் பகுதி. வரைபட மெட்டை இரண்டு மடங்கு நீளமாக்கி நதியின் 7/8-க்குள் நுழைக்கப் பார்க்கிறேன். அவர் அளப்பதை விட்டுவிட்டு நதியோடு போகிறார் என்பது எண்ணம். ஏழாவது நோட்டில் மெட்டு முறிகிறது, அங்கே ஒரு சுரத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் பாடுவது.