இங்கிலாந்து வார்டில் முதல் மாதங்கள்: குமரி நர்ஸ் பிள்ளைகளுக்கு

நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலைப் பக்கத்திலிருந்து நர்சிங் முடித்து வரும் பிள்ளைகளுக்குக் கைவேலையில் குறை கிடையாது. கேனுலா (நரம்பில் மருந்தேற்றும் குழாய்) போட்டுப் பழகிய கைதான். ஆனாலும் இங்குள்ள பயிற்சி முடிந்து கையெழுத்தாகும்வரை அதைத் தொட விடமாட்டார்கள். அதை அவமானமாக நினைக்க வேண்டாம் மக்களே. தடுமாற்றம் வருவது வேறு இடத்தில். நோயாளி மோசமாவதை எண்ணில் பிடித்து, ரவுண்ட்ஸுக்குக் காத்திராமல் நாமே டாக்டரைக் கூப்பிடுவதில்தான்.

அதற்குத்தான் நியூஸ் 2 (NEWS2) சார்ட், நோயாளி மோசமாவதை முன்கூட்டியே மதிப்பெண்ணில் காட்டும் அட்டவணை. மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிபி, நாடி, நினைவு, உடல் சூடு ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் உண்டு. ஆக்சிஜன் ஓடினால் கூடுதலாக 2. மொத்தம் 5 வந்தால் உடனே டாக்டரை அழைக்க வேண்டும், 7 என்றால் அவசரக் குழு. மொத்தம் குறைவாக இருந்தாலும் ஏதாவது ஒன்றில் மட்டும் 3 வந்தால் சொல்லியே ஆகவேண்டும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது மூச்சு எண்ணிக்கை. பிபி மெஷின் அதைச் சொல்லாது என்பதால் கண்ணால் பார்த்து 16, 18 என்று எழுதிவிடுகிறார்கள். நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். எண்ணுவது தெரிந்தால் நோயாளி மூச்சை மாற்றிவிடுவார். 20 என்றால் பூஜ்யம், 21 என்றால் 2, 25 ஆனால் 3. செப்சிஸில் (கிருமித் தொற்றால் உடல் உறுப்புகளே பாதிக்கப்படும் நிலை) பிபி விழும் முன்பே பெரும்பாலும் மூச்சுதான் வேகமெடுக்கும். நேற்றுவரை தெளிவாகப் பேசிய பாட்டி இன்று இடம் தெரியாமல் உளறினால் வயசு என்று விட்டுவிடாதீர்கள். புதிதாக வந்த குழப்பத்துக்கு 3.

சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) நோயாளிகளில் கரியமில வாயு தேங்கும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆக்சிஜன் இலக்கு 88 முதல் 92 வரை. அவர்களுக்கு டாக்டர் குறித்தபின் சார்ட்டில் ஆக்சிஜனுக்கு உள்ள இரண்டாவது அளவுகோலில் மதிப்பெண் போட வேண்டும். 98-க்கு ஏற்றினால் பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே கரியமில வாயு கூடி மயக்கத்தில் தள்ளும்.

போனில் பேசும்போது "டாக்டர், பேஷன்டுக்குச் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் வரமாட்டார்கள். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்லுங்கள்: "நான் இந்த வார்டு நர்ஸ். 6-ம் படுக்கை, நியூஸ் மதிப்பெண் 2-லிருந்து 7 ஆகியிருக்கிறது. குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். மூச்சு 26, பிபி 96, நாடி 112. செப்சிஸ் என்று பயப்படுகிறேன். இப்போதே வந்து பாருங்கள்." வராவிட்டால் அடுத்த சீனியரைக் கூப்பிடலாம், அது மரியாதைக் குறைவு ஆகாது. இதயம் நின்றால் ஆஸ்பத்திரிக்குள் அழைக்கும் எண் 2222.

ஊரில் பக்கத்தில் நிற்பவர் பார்க்கும் வேலையெல்லாம் இங்கே நமக்கும் உதவியாளருக்கும்தான்: குளிப்பாட்டல், ஊட்டல், பெட்பேன். படுக்கைப்புண் தொடங்கி முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

சர்க்கரை அளவின் கணக்கும் மாறும்: இங்கே mmol/L, நம் ஊரில் mg/dL. மீட்டரில் 3.2 என்றால் நம் ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 58; 18-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயாளிக்கு 4-க்குக் கீழே போனால், விழுங்க முடிகிறவரென்றால் 15 முதல் 20 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 10–15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். இன்சுலினில் இன்னும் கவனம். நம் ஊர் இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட். இங்கே வழக்கமாக 100. அங்கே 10 யூனிட் 0.25 மில்லி, இங்கே 0.1 மில்லிதான். பழைய கண்ணளவில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். இன்சுலின் சிரிஞ்சைத் தவிர வேறெதையும் எடுக்காதீர்கள். இன்சுலின் பேனாவின் கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சவே கூடாது, சிலவற்றில் மில்லிக்கு 300 யூனிட் இருக்கும்.

மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் பழகியவர்கள் உள்ளிருக்கும் மருந்தைப் பார்க்கப் பழகுங்கள். கோ-அமாக்ஸிகிளாவும் டாசோசினும் பென்சிலின் வகை. அலர்ஜி உள்ளவருக்கு ஆகாது. கோ-கோடமால் என்ற வலி மருந்தின் ஒவ்வொரு மாத்திரையிலும் 500 மி.கி. பாரசிட்டமால் உண்டு. தனியாகப் பாரசிட்டமாலும் எழுதியிருந்தால், கொடுக்கும் முன் டாக்டரிடமோ வார்டு ஃபார்மசிஸ்டிடமோ கேட்டு ஒன்றை நிறுத்தச் சொல்லுங்கள்.