சின்ன ஊர் தேடிய கதை: கல்லடியிலிருந்து வார்னம்பூல் வரை

அவுஸ்திரேலியா போகப் போகிறோம் என்று சொன்னதும் எல்லாரும் கேட்ட கேள்வி, "மெல்பேர்னா, சிட்னியா?" என் மச்சாள் ஒருத்தி மெல்பேர்னில் இருக்கிறாள். அவள் எனக்குப் போன் எடுப்பதே வேலை முடிந்து வாகன நெரிசலில் நிற்கும்போதுதான். மட்டக்களப்பில், கல்லடியில் மகளைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளியில் விட்டுவிட்டு, தேநீர் ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறவள் நான். அந்த வாழ்க்கை எனக்குச் சரிவராது என்று பட்டது. என் கணவருக்கும் அதே எண்ணம். விசாக் கடதாசி வேலை அவர் பொறுப்பு, ஊர் தேடுவது என் பொறுப்பு என்று பிரித்துக்கொண்டோம்.

எங்களுக்குப் பொருந்தியது, தொழில் தகைமை உள்ளவர்களுக்குக் கொடுக்கும் 491 என்ற விசா. சிட்னி, மெல்பேர்ன், பிரிஸ்பேன் மூன்றையும் விட்டு, மற்றப் பிரதேசங்களில் வாழ்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இதன் நிபந்தனை. ஐந்து வருட விசா இது. மூன்று வருடம் விதிப்படி இருந்து, வருமான வரிப் பத்திரங்களைக் காட்டினால் 191 என்ற நிரந்தர விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். வயது, படிப்பு, அனுபவம் எல்லாவற்றுக்கும் புள்ளி போடுவார்கள். ஒரு மாநில அரசு 'இவர் எங்களுக்கு வேண்டும்' என்று பரிந்துரைத்தால், அதைத்தான் நியமனம் என்கிறார்கள், 15 புள்ளி கூடும். குறைந்தது 65 புள்ளி வேண்டும் என்று சொன்னாலும், அதை மட்டும் வைத்துக்கொண்டு விசாவுக்கு விண்ணப்பிக்க அழைப்பு வரும் என்று நம்பி இருக்க முடியாது.

அவர் சிவில் இன்ஜினியர். என்ஜினியர்ஸ் அவுஸ்திரேலியா என்ற அங்கத்தைய பொறியியலாளர் அமைப்பு அவருடைய தகைமையை மதிப்பிட வேண்டும். தான் செய்த மூன்று வேலைகளை விரிவாக எழுதிக் கொடுக்கும் வழியில் அவர் விண்ணப்பித்தார். வாகரைப் பக்கம் கட்டிய ஒரு சிறு பாலமும் அதில் ஒன்று. எழுதுவது கஷ்டமில்லை, 'நான் கணக்கிட்டேன், நான் தீர்மானித்தேன்' என்று பக்கம் பக்கமாக எழுதுவதுதான் அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு பந்தியிலும் 'நாங்கள்' என்று நழுவிப் போவார். நான் உட்கார்ந்து திருத்தினேன்.

ஊர்ப் பட்டியலில் முதலில் என் மனதைப் பிடித்தது தென் அவுஸ்திரேலியாவின் மவுண்ட் காம்பியர். பழைய எரிமலை வாயில் ஒரு ஏரி. குளிர்காலத்தில் சாம்பல் நிறமாக இருந்து, நவம்பர் அளவில் நல்ல நீலமாக மாறுமாம். ஊருக்குக் குடிதண்ணீரும் அதிலிருந்துதான். வாவிக் கரையில் வளர்ந்தவளுக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் எங்களுக்கு நியமனம் வந்தது விக்டோரியாவிலிருந்து. நியமித்த மாநிலத்திலேயே இருப்போம் என்று உறுதி கொடுக்க வேண்டும். ஆகவே ஊரைப் பிடித்துக்கொண்டு தேடுகிறவர்கள், தங்கள் தொழிலை எந்த மாநிலம் கேட்கிறது என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

பெரியம்மா இதற்கிடையில், "ஆள் நடமாட்டம் இல்லாத ஊருக்கு ஏன் புள்ள போற? ஒண்டு நடந்தா ஆர் வந்து பாக்குற?" என்று ஒரே புலம்பல். அவருக்கு பிலோயிலாவைச் சொன்னேன். குவீன்ஸ்லாந்தில் ஆறாயிரம் பேர் அளவில் இருக்கிற ஊர். 2018இல் அங்கிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தை நாடு கடத்தவென்று குடிவரவு அதிகாரிகள் கொண்டுபோனபோது, ஊர்ச் சனம் விடாமல் குரல் கொடுத்து 2022இல் அவர்கள் திரும்பி வரும் வரை நின்றது. பெரியம்மா கொஞ்சம் அடங்கினார்.

விக்டோரியாவில் மில்டுராவும் வார்னம்பூலும் மிஞ்சின. மில்டுரா மரே ஆற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது. கோடையில் 40 பாகையைத் தாண்டுவது சாதாரணம். நமக்கு வெயில் புதிதில்லை. ஆனால் மெல்பேர்னிலிருந்து 500 கிலோமீற்றருக்கு மேல், பயணிகள் ரயிலும் 1993இல் நின்றுவிட்டது. நானோ கார் ஓட்டத் தெரியாதவள். வார்னம்பூலுக்கு மெல்பேர்னிலிருந்து ரயில் இருக்கிறது. தூரம் நாங்கள் கொழும்புக்குப் போவதைவிடக் குறைவு. மெல்பேர்ன் பக்கம் கரம் டவுன்ஸில் இருக்கிற சிவா விஷ்ணு கோயிலுக்குப் போக வேண்டுமென்றாலும், மச்சாள் வீட்டில் ஒரு இரவு தங்கிப் போய்வரலாம்.

பிறகு நான் பார்த்ததெல்லாம் அழகில்லாத விஷயங்கள். சீக் என்ற வேலை விளம்பரத் தளத்தில் வார்னம்பூலை மட்டும் போட்டு, மாநகர சபையும் தனியார் கம்பனிகளும் இன்ஜினியர் கேட்கின்றனவா என்று மாதக்கணக்காகப் பார்த்தேன். ஒரு விளம்பரம் வந்து போவது வேறு, திரும்பத் திரும்ப வருவது வேறு. பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறதா, புது நோயாளிகளை எடுக்கிற குடும்ப டாக்டர் இருக்கிறாரா என்று விசாரித்தேன். சின்ன ஊர்களில் இந்த இரண்டாவதுதான் தட்டுப்பாடு. ஞாயிற்றுக்கிழமை டவுன் பஸ் ஓடுகிறதா என்று நேர அட்டவணை பார்த்தேன். கூகுள் வீதிப் படத்தில் வாடகை வீடுகளிலிருந்து பள்ளிக்கூடம் வரை 'நடந்து' பார்த்தேன். அமைதியைத் தேடவே வேண்டியதில்லை, 35,000 பேர் அளவில் உள்ள ஊரில் அது தானாக இருக்கும்.

வாடகை கிழமைக் கணக்கில் போடுவார்கள். மாத வாடகை என்று நினைத்து ஒரு நாள் சந்தோஷப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அதோடு ஒரு மாத வாடகை அளவில் வைப்புப் பணமும் வேண்டும். நேரில் வந்து பார்க்காதவர்களுக்கு வீடு கொடுக்க ஏஜென்ட்மார் தயங்குவார்கள். கல்லடியில் இருந்துகொண்டு வீடு எடுக்கலாம் என்ற கனவை விட்டு, முதல் சில கிழமைகளுக்குத் தங்குமிடம் மட்டும் பதிந்தோம்.

குளிர்தான் எனக்குப் பயம். தென் சமுத்திரத்தைப் பார்த்த கரை. ஜூலையில் பகலிலேயே 13, 14 பாகை, அதோடு காற்றும் மழையும். முருங்கை நட்டால் வருமா என்று பெரியம்மா கேட்கிறார். வராது என்று சொல்ல மனமில்லாமல் பார்ப்போம் என்றேன்.

பொலிஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கைரேகை எல்லாம் கொழும்பில். இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸிலேயே திரும்பியதைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை. விசா வந்துவிட்டது. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்குவதால், அவர் முதலில் போய் வீடு பார்த்து வைக்க, நானும் மகளும் அதற்கு முன் போய்ச் சேர்வதாக டிக்கெட் போட்டிருக்கிறோம்.